சினிமாவில் எம்.ஏ., பி.எச்டி. படிக்கலாமா? யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடத்தில் இருக்கிறீர்கள். அடுத்து சினிமாவில் எம்.ஏ., முடிந்தால் பி.எச்டி. வரை போகலாமா என்று யோசிக்கிறீர்கள். அது இயக்குநர் ஆக உதவுமா, இல்லை ஐந்தாறு வருடம் வீணாகுமா, எங்கே படிப்பது, ஆங்கிலம் சுமார்தான், வீட்டில் வசதி கிடையாது. இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: படம் எடுக்க ஆசையா, படங்களைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள ஆசையா? இரண்டுக்கும் அடியில், பிடித்ததைப் படித்துவிட்டுப் பிழைக்க முடியுமா என்கிற கவலை இருக்கிறது. நான் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றில் ஆய்வு செய்து பட்டம் வாங்கி, பல வருடங்களாக முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவன். படம் எடுப்பது என் துறை இல்லை. அந்தப் பக்கம் போன மாணவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இயக்குநர் ஆவதுதான் நோக்கம் என்றால் திரைப்பட ஆய்வில் எம்.ஏ. வேண்டாம். அதற்கு வேறு பாதைகள் இருக்கின்றன. புனேயில் 1960இல் தொடங்கிய எஃப்.டி.ஐ.ஐ. என்கிற இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம், கொல்கத்தாவில் 1995இல் தொடங்கிய சத்யஜித் ராய் நிறுவனம், நம் தரமணியில் இருக்கிற எம்.ஜி.ஆர். பெயரிலான அரசுப் பயிற்சி நிறுவனம், இவையெல்லாம் கேமராவையும் எடிட்டிங் மேசையையும் கையில் கொடுத்துச் சொல்லித்தருகிற இடங்கள். 1986இல் ஊமை விழிகள் வந்தபோது திரைப்படக் கல்லூரி மாணவர்களாலும் பெரிய படம் எடுக்க முடியும் என்று தமிழ்நாடே பார்த்தது. இன்னொரு பாதை, எல்லோருக்கும் தெரிந்ததுதான், உதவி இயக்குநராகச் சேர்வது. பல்கலைக்கழகத்தில் திரைப்பட ஆய்வு என்பது இவற்றோடு சம்பந்தப்பட்டது என்றாலும் வேறு வேலை. அங்கே ஒரு குறும்படம்கூட எடுக்காமல் பி.எச்டி. முடித்துவிடலாம், பெரும்பாலோர் அப்படித்தான் முடிக்கிறார்கள். என்னிடம் படித்துவிட்டு உதவி இயக்குநர்களாகப் போனவர்கள், திரைக்கதை விவாதத்தில் உட்காரும்போது அந்தப் படிப்பு உதவுகிறது என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் அதற்காக மட்டும் இரண்டு வருடம் கொடுப்பது அதிகம்.

சரி, அங்கே என்னதான் படிக்கிறார்கள்? விஸ்காமில் ஒரு செமஸ்டர் 'பிலிம் அப்ரிசியேஷன்' படித்திருப்பீர்கள், அதன் நீட்சி என்று நினைக்க வேண்டாம். பராசக்தி (1952) நீதிமன்றக் காட்சியை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் வசனத்தைக் கேட்டால் இன்றைக்கும் நாலு பேராவது முழுசாக ஒப்பிப்பார்கள். அந்த வசனம் ஓடும்போது கேமரா எங்கே இருக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். முதல் பயிற்சியே அதுதான். காட்சியை ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: எத்தனை வினாடி, எவ்வளவு தூரத்திலிருந்து, கேமரா அசைகிறதா, யார் முகம், யார் குரல். பேசுகிறவரின் முகத்தை விட்டு கேமரா எப்போது விலகுகிறது, விலகி யாரிடம் போகிறது, நீதிபதியிடமா, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களிடமா? அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார், நீதிபதியையா நம்மையா? இப்படி ஒரு பத்து நிமிடக் காட்சிக்கு அட்டவணை போட ஒரு நாள் முழுக்கப் போய்விடும். போட்டு முடித்ததும், இதுவரை 'நல்ல வசனம்' என்று மட்டும் தெரிந்த காட்சி, மேடை நாடகத்திலிருந்தும் பொதுக்கூட்டத்திலிருந்தும் எதை எடுத்துக்கொண்டது, எதை மாற்றிக்கொண்டது என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி தோன்றுகிற மாணவர் யார், அட்டவணை போடுவதே சலிப்பு என்று நினைக்கிறவர் யார் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

இதன் மேல் கோட்பாடுகள் வரும். ஷாட்டுகளை வெட்டி அடுத்தடுத்து ஒட்டுவதிலேயே அர்த்தம் பிறக்கிறது என்ற சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் மொண்டாஜ், நீளமான ஷாட்டுகளுக்காக வாதாடிய பிரெஞ்சு விமர்சகர் பஸான், திரையில் பெண்ணைப் பார்க்கிற பார்வை யாருடையது என்று 1975இல் லாரா மல்வி எழுப்பிய கேள்வி, அதற்கு வந்த மறுப்புகள், பிறகு இந்தியச் சினிமாவுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்துமா என்று 1990களில் மாதவ பிரசாத், ரவி வாசுதேவன் போன்ற ஆய்வாளர்கள் நடத்திய விவாதம். இதில் சில பகுதிகள் தேவையில்லாத அளவுக்குச் சிக்கலான மொழியில் எழுதப்பட்டவை என்பது என் கருத்து, என் சக ஆசிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். படித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் புரியாத ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்கள்தான் காரணம் என்று நினைத்துச் சோர்ந்துபோக வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் படிப்பின் உயிர் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது, அதுவும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. காரணம் எளிது: நம் தொடக்க காலப் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டன. நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம் தென்னிந்தியாவின் முதல் கதைப் படம். அதன் ஒரு துண்டுகூட இன்று இல்லை, வெளியான வருடம் எது என்பதிலேயே 1916, 1917, 1918 என்று நூலுக்கு நூல் வேறுபாடு. 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான காளிதாஸ், தமிழின் முதல் பேசும் படம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதன் பிரதியும் கிடையாது. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது 1933இல் வந்த மார்த்தாண்ட வர்மா மட்டும்தான், அதுவும் பதிப்புரிமைத் தகராறில் சிக்கி முடங்கியதால் தப்பித்தது. பின்னால் அதைத் தேடிப் பிடித்துப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்த்தவர் பி.கே. நாயர். 1964இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தை ஒரு மனிதர் தன் வாழ்நாள் உழைப்பால் கட்டினார் என்றால் அது மிகையில்லை. அந்தக் காலத்துப் படங்கள் பதிவான நைட்ரேட் பிலிம் தானாகவே தீப்பற்றும், கெடும். பல பிரதிகளைப் பிலிமில் இருந்த வெள்ளிக்காக உருக்கியும் விட்டார்கள். ஆக, இல்லாத படத்தை எப்படி ஆராய்வது?

இங்கேதான் பாட்டுப் புத்தகம் வருகிறது. தியேட்டர் வாசலில் சில காசுக்கு விற்ற, சில பக்கமே உள்ள, மட்ட ரகத் தாளில் அச்சடித்த புத்தகம். 1930களில் வந்த ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் நடிகர் பட்டியல், அடுத்து கதைச் சுருக்கம். கதையை முக்கால்வாசி சொல்லிவிட்டு 'மிகுதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பாடல்கள். ஒவ்வொரு பாடலுக்கும் மேலே ராகம், தாளம் இருக்கும். சிலவற்றில் அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு பிரபலமான பாட்டின் முதல் வரியைப் போட்டு '... என்ற மெட்டு' என்று இருக்கும். அந்த ஒரு வரியை என் மாணவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அங்கேதான் நிறுத்துவேன். புத்தகத்தை வாங்குகிறவருக்கு அந்த மூலப் பாட்டு ஏற்கெனவே தெரியும் என்று அச்சிட்டவர் நம்பியிருக்கிறார். எப்படித் தெரியும்? நாடக மேடையிலிருந்தா, கிராமபோன் ரெக்கார்டிலிருந்தா, வடக்கேயிருந்து வந்த இந்திப் படத்திலிருந்தா? அந்தப் பாட்டைத் தேடிப் போனால் ரெக்கார்டு கம்பெனிகளின் விலைப்பட்டியல் வரும், நாடகக் குழுக்கள் வரும், இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய் வந்த பாடகர்கள் வருவார்கள். படமே இல்லாமல் அந்தப் படத்தைப் பார்த்தவர்களின் காதில் என்ன இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். காளிதாஸில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் பாடுகிற பாட்டு இருந்தது என்பது நமக்குத் தெரிகிறதே, அது இப்படிப்பட்ட துணைச் சான்றுகளிலிருந்து தெரிந்ததுதான். அதை எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் இப்போது புத்தகமாகவே கிடைக்கின்றன. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை எடுத்து உட்கார்ந்தால் பத்து ஆய்வுக்கு விஷயம் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் புதையல் உண்டு. 1927-28இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சினிமா விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். நாடு முழுக்கச் சுற்றி, 350க்கும் மேற்பட்டவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, பதில்களை வார்த்தைக்கு வார்த்தை அச்சிட்டார்கள். தியேட்டர்காரர்கள், விநியோகஸ்தர்கள், தணிக்கை அதிகாரிகள், பள்ளிக்கூடக்காரர்கள், எல்லோரும் பேசுகிறார்கள். யார் எந்த வகுப்பு டிக்கெட்டில் உட்கார்ந்தார்கள், எந்த மாதிரிப் படத்துக்குக் கூட்டம் வந்தது என்பதெல்லாம் அதில் பேச்சு நடையிலேயே கிடக்கிறது. தமிழ்நாட்டின் தொடக்ககாலத் திரையரங்குகளைப் பற்றி எழுதிய ஸ்டீபன் ஹியூஸ் போன்றவர்கள் இந்த மாதிரி ஆவணங்களில் வருடக்கணக்கில் மூழ்கிக் கிடந்தவர்கள்.

இதைப் படித்துவிட்டு 'இவ்வளவையும் யார் செய்தார்கள்' என்று கேட்டால் ஒரு முக்கியமான விஷயம் தெரியும். தமிழ்ச் சினிமாவைப் பற்றிய சிறந்த ஆய்வுகளில் பலவற்றை எழுதியவர்கள் திரைப்படத் துறைப் பேராசிரியர்கள் இல்லை. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. கார்த்திகேசு சிவத்தம்பி யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பேராசிரியர். மதுரையில் ஏழைப் பார்வையாளர்களிடையே களப்பணி செய்து எழுதிய சாரா டிக்கி மானிடவியல்காரர். எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளாதாரம் படித்தவர். 1992இல் அவர் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய புத்தகம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்: அந்த ஆட்சியின் வரிச்சுமை ஏழைகள் மேல்தான் அதிகம் விழுந்தது, ஆனாலும் அதே ஏழைகள் அவரைக் கடைசி வரை நேசித்தார்கள், ஏன்? சினிமாவிலிருந்து தொடங்காமல் பொருளாதாரத்திலிருந்து தொடங்கி, பதிலுக்காகச் சினிமாவுக்குள் போகிறார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, ரசிகர்களை அவர் ரொம்பவும் ஏமாந்தவர்களாகக் காட்டிவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஆய்வுக் கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாணவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான். இதிலிருந்து உங்களுக்கு நடைமுறையில் கிடைப்பது என்னவென்றால், சினிமாவை ஆராய 'சினிமா' என்று பெயர்ப்பலகை போட்ட துறையிலேயே சேர வேண்டும் என்று இல்லை. வரலாறு, சமூகவியல், மானிடவியல், தமிழ், ஆங்கிலம், இதழியல் என்று எந்தத் துறையிலும் நல்ல கைடு (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்) கிடைத்தால் செய்யலாம்.

அப்படியும் திரைப்படத் துறையிலேயே படிக்க வேண்டும் என்றால் இந்தியாவில் இடங்கள் குறைவு. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய திரைப்பட ஆய்வுத் துறை நாட்டிலேயே முன்னோடி, எம்.ஏ.வும் பி.எச்டி.யும் உண்டு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) கலை மற்றும் அழகியல் துறையில் ஓவியம், நாடகம், சினிமா மூன்றையும் சேர்த்து எம்.ஏ., பிறகு சினிமாவில் தனியாக ஆய்வு. ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் (இ.எஃப்.எல்.யு.) திரைப்பட ஆய்வுக்கென்று துறை இருக்கிறது, தென்னிந்தியச் சினிமாவை ஆராய விரும்புகிறவர்களுக்கு அந்த ஊரின் சூழல் நல்லது. டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு மையம் செய்முறையும் பாடமும் கலந்தது, படம் எடுக்கவும் ஆசை இருப்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜே.என்.யு. போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் கியூட் பி.ஜி. என்கிற பொது முதுகலை நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை, சில தங்கள் சொந்த நுழைவுத் தேர்வை நடத்துகின்றன, ஜாதவ்பூர் மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அதற்குத் தனி வழி. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் நான் சொல்வதை வைத்து விண்ணப்பிக்காமல் அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். கட்டணம் இந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் தனியார் மீடியா கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் இடத்தில் 'பிலிம் ஸ்டடீஸ்' படிப்பதை உங்கள் வீட்டு நிலைமையில் நான் கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம், கேட்டதும் அதைத்தான். 2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளுக்குப் பிறகு, முன்பு பி.எச்டி.க்கு முன் செய்துவந்த எம்.ஃபில். ஆய்வுப் படிப்பு கிடையாது, எம்.ஏ. முடித்து நேராக பி.எச்டி. அதற்கு 55 சதவீத மதிப்பெண் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, மேலே நீட்டிப்பு வாங்கலாம். நடைமுறையில் ஐந்து வருடத்துக்குக் குறைவாக முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த வருடங்களைத் தாங்க வைப்பது ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகைதான். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் அதற்குரிய மதிப்பெண் எடுத்துவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பின் 42,000, விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் எத்தனையோ நல்ல மாணவர்களைப் பாதியில் திருப்பி அனுப்பியிருக்கிறது. உங்களைப் போலவே வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்த ஒரு பெண், அபாரமாக எழுதக்கூடியவர், பி.எச்டி.யின் தொடக்கத்தில் வரும் வகுப்புப் பாடங்களை (கோர்ஸ் ஒர்க்) முடித்ததும் விளம்பர கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே எம்.ஏ. இரண்டாம் வருடத்திலேயே நெட் எழுதத் தொடங்கிவிடுங்கள், கடைசி வருட மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். சினிமாவுக்கென்று தனித் தாள் கிடையாது, மக்கள் தொடர்பியல் மற்றும் இதழியல் தாளைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதில் சினிமா ஒரு பகுதி மட்டும், விளம்பரம், ஊடகச் சட்டம், ஆய்வு முறை எல்லாம் வரும். விஸ்காம் படித்தவருக்கு இந்த இடத்தில் நிச்சயம் சாதகம்.

பட்டம் வாங்கிய பிறகு? அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தால் யு.ஜி.சி. அளவில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் அந்த இடங்கள் அரிதாகத்தான் நிரப்பப்படுகின்றன. தமிழ்நாட்டில் விஸ்காம் துறைகள் நிறைய, அவற்றில் பெரும்பான்மை சுயநிதிப் பிரிவுகள், அங்கே தொடக்கச் சம்பளம் இதில் பாதியை எட்டினாலே பெரிய விஷயம். இதுவரை பணத்தைப் பற்றிச் சொன்ன விதிகளும் தொகைகளும் உறுதியானவை. இனிச் சொல்வது என் கணிப்பு. அடுத்த பத்து வருடத்தில் பேராசிரியர் வேலையை மட்டும் நம்பி பி.எச்டி. செய்கிறவர்களுக்குப் பாதை குறுகலாகத்தான் இருக்கும். அதே சமயம் ஆவணக் காப்பு, பழைய படங்களை மீட்டெடுப்பது, விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுப்பது, சப்டைட்டில், ஓ.டி.டி. நிறுவனங்களின் உள்ளடக்கப் பிரிவு என்று பக்கவாட்டில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. மும்பையில் 2014இல் தொடங்கிய பிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் படப் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது, சென்னையிலும் ஒரு முறை நடந்தது. படிக்கும்போதே இப்படி ஒரு கைத்தொழிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவர்களை நச்சரித்துக்கொண்டே இருப்பேன்.

வெளிநாடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பி.எச்டி. இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணமும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும். பிரிட்டனில் இடம் எளிதாகக் கிடைக்கலாம், பணம் கிடைப்பதுதான் கஷ்டம். பணம் உறுதியாகாத இடத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அங்கே போனவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்தபோது எனக்குப் பட்டது, தமிழ் மூலங்களைப் படிக்கத் தெரியும் என்பதை அவர்கள் பெரிய பலமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான்.

ஆங்கிலம் சுமார் என்ற உங்கள் கவலைக்கு இதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். படிக்க வேண்டிய நூல்களில் தொண்ணூறு சதம் ஆங்கிலத்தில்தான், அதை மறைத்துப் பயனில்லை. தமிழ்த் துறைகளில் சினிமா பற்றித் தமிழிலேயே ஆய்வேடு எழுத முடியும், நல்ல ஆய்வேடுகளும் வந்திருக்கின்றன, ஆனால் வெளியே யாரும் படிக்காமல் போகிற ஆபத்து உண்டு. என் யோசனை, வாசிப்பில் ஆங்கிலத்தைப் பலப்படுத்திக்கொண்டு, சான்றுகளில் தமிழை விடாமல் பிடித்துக்கொள்வது. முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் பத்துப் பக்கம் படித்து, படித்ததைத் தமிழில் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் ஆங்கிலத்தில் புரியவில்லை என்றுதான் பொருள். கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் இரண்டாம் வருடத்தில் வகுப்பையே முந்திப் போவதை நான் வழக்கமாகப் பார்க்கிறேன், ஏனென்றால் அதற்குள் ஆங்கிலம் ஓரளவு கைவந்துவிடும், பேசும் படம், குண்டூசி போன்ற பழைய சினிமாப் பத்திரிகைகளின் பக்கங்களை மற்றவர்களால் அவர்கள் அளவுக்குப் படிக்க முடியாது.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், பி.எச்டி. நேர்காணலில் அதில்தான் பலர் விழுகிறார்கள். 'தமிழ்ச் சினிமாவில் பெண்கள்', 'சாதியும் சினிமாவும்' என்று வந்தால் எதை, எந்தக் காலத்தில், எந்தச் சான்றை வைத்து என்று கேட்பார்கள். 'சாதியும் சினிமாவும்' பெரிய விஷயம்தான், ஆனால் அது தலைப்பு, கேள்வி ஆகாது. 1950களில் ஒரு மாவட்டத்தில் டூரிங் டாக்கீஸ்களுக்கு உரிமம் யாருக்குக் கிடைத்தது, எந்த ஊரில் கொட்டகை போட அனுமதித்தார்கள், எந்தத் தெருக்காரர்கள் ஆட்சேபித்தார்கள் என்று கேட்டால், அதில் சாதி தானாகவே வந்துவிடும். அந்தக் கோப்புகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சார்ந்தவை, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தொடங்கித் தேட வேண்டும். கிடைக்காமலும் போகலாம், அதனால் சான்று எங்கே இருக்கிறது என்று ஓரளவாவது பார்த்துவிட்டுத்தான் தலைப்பை எழுத வேண்டும். இன்றைய விஷயம் பிடிக்கும் என்றால் யூடியூப் விமர்சகர்கள், ரசிகர் சண்டைகள், ஓ.டி.டி. என்று எல்லாவற்றையும் ஆராயலாம். ஆனால் இணையத்தில் இன்று இருப்பது நாளை இருக்காது, முதல் நாளிலிருந்தே சேமித்து வைக்காவிட்டால் மூன்றாம் வருடம் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கைடைப் பற்றி ஒன்றே ஒன்று. பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். அவரிடம் ஏற்கெனவே படிக்கிற இரண்டு பேரிடம் தனியாகப் பேசி, எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று கேளுங்கள். பெரிய பெயர் இருந்தும் மாதக்கணக்கில் ஒரு அத்தியாயத்தைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள், பெயரே கேள்விப்படாத ஒருவர் வாரத்துக்குள் வரிக்கு வரி குறித்துத் தருவார்.

இப்போதைக்கு முடிவு எடுக்க வேண்டாம். கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் இருக்கும் அல்லவா, அதைக் குறும்படமாக எடுக்காமல் ஒரு சின்ன ஆய்வாகச் செய்ய முடியுமா என்று துறையில் கேளுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய பாட்டுப் புத்தகங்களும் சினிமாப் பத்திரிகைகளும் அங்கே உண்டு. போவதற்கு முன் என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டுவிட்டு, கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். 1930களிலோ 40களிலோ வந்த ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதன் பாட்டுப் புத்தகம், அந்த வருட விளம்பரம், ஒரு விமர்சனம் மூன்றையும் அருகருகே வைத்துப் பத்துப் பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அடுத்த படத்தைத் தேடத் தோன்றினால் கியூட் பி.ஜி. விண்ணப்பம் போடுங்கள். இதைவிட ஒரு ஷாட் எடுத்திருக்கலாமே என்று தோன்றினால் திரைப்படக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அப்போதும் நேரம் இருக்கும். அந்தப் பத்துப் பக்கத்தை எனக்கு அனுப்பினால் படித்துவிட்டு என் கருத்தைக் கட்டாயம் எழுதுகிறேன்.